முதலையோடு பள்ளிக்கு வந்த சிறுமி



லண்டன் நகரில் ஒரு பெண்கள் பள்ளி. கணக்கு வகுப்பு நடக்கிறது. ஒரு மாணவி தன்னோடு ஒரு தோழனை அழைத்து வந்திருக்கிறாள். அந்தத் தோழனுக்கு நான்கு கால்கள், நீண்ட வால், வாய் நிறையப் பற்கள். ஆம்! அது ஒரு முதலைக் குட்டி! அன்று கணக்குப் பாடம் எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த மாணவிதான் ஜோன் பிராக்டர். அப்போது அவருக்கு வயது 16. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லண்டன் உயிரியல் பூங்காவில், பாம்பு, பல்லி, ஆமை, முதலை அனைத்துக்கும் பொறுப்பேற்ற முதல் பெண்மணி அவர்தான். 34 ஆண்டுகளே வாழ்ந்தார். அந்தக் குறுகிய வாழ்வில் அவர் செய்து முடித்ததை இந்த வாரம் பார்ப்போமா?

மேசை மேல் ஒரு பல்லி

ஜோன் 1897 ஆகஸ்ட் 5-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். மற்றக் குழந்தைகள் பொம்மை கேட்ட வயதில், இவர் பாம்பும் பல்லியும் வளர்த்தார். அவருடைய செல்லப் பிராணி டால்மேஷியா நாட்டுப் பல்லி ஒன்று. சாப்பாட்டு மேசையில்கூட அது அவர் பக்கத்திலேயே இருக்குமாம்!

ஆனால், இந்தச் சுட்டிப் பெண்ணுக்கு ஒரு பெரிய துன்பம் இருந்தது. சிறு வயதிலிருந்தே தீராத குடல் நோய். சாப்பிட்டது ஒழுங்காகச் செரிக்காது. அடிக்கடி படுக்கையில் விழுந்துவிடுவார். பள்ளிக்குப் பல நாட்கள் போக முடியவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கும் அளவுக்கு அறிவு இருந்தும், உடல்நலம் இடம் கொடுக்கவில்லை.

பட்டம் போச்சே என்று அவர் முடங்கிக் கிடக்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊர்வன பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலஞ்சே. நம் நாட்டு ஊர்வன பற்றி 1890-ல் பெரிய நூல் ஒன்றை எழுதியவரும் இவரே. பள்ளி மாணவியாக இருந்தபோதே ஜோனின் ஆர்வத்தை அவர் கவனித்திருந்தார். 1916-ல் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே, 19 வயதில், லண்டன் விலங்கியல் சங்கத்தின் முன் நின்று, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா நாடுகளின் விஷப் பாம்புகள் பற்றித் தன் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார் ஜோன்! 1920-ல் பூலஞ்சே ஓய்வு பெற்றதும் அருங்காட்சியகத்தின் ஊர்வன பிரிவு அவர் பொறுப்பில் வந்தது.

தட்டு போன்ற ஆமை

அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் தட்டை ஆமை. ஆமை என்றால் கவிழ்த்த சட்டி போல மேடாக இருக்கும் அல்லவா? இதுவோ தோசை போலத் தட்டையாக இருக்கும். ஓட்டை விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும்!

ஏன் அப்படி? பொதுவாகக் குஞ்சு ஆமையின் ஓட்டில், எலும்புகளுக்கு நடுவே இடைவெளிகள் இருக்கும். வளர வளர அவை மூடிக் கெட்டியாகிவிடும். இந்த ஆமைக்கு மட்டும் வளர்ந்த பின்பும் அந்த இடைவெளிகள் மூடுவதில்லை. அது வாழ்வது பாறைகள் நிறைந்த இடம். எதிரி வந்தால் ஓடிப்போய்ப் பாறை இடுக்கில் நுழைந்துகொள்ளும். மெல்லிய, வளைந்து கொடுக்கும் ஓடு இருந்தால்தானே இடுக்கில் நுழைய முடியும்?

இந்த ஆமை மூச்சை இழுத்து உடம்பைப் பலூன் போல ஊதித்தான் இடுக்கில் சிக்கிக்கொள்கிறது என்று பலரும் நம்பினார்கள். அது சரியல்ல, கால்களை ஊன்றி, ஓட்டைப் பாறையோடு அழுத்தித்தான் உறுதியாக நிற்கிறது என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். இந்த ஆமை ஓட்டின் அமைப்பை 1922-ல் விரிவாக எழுதியவர் ஜோன்.

ஓர் உயிர் வாழும் இடத்தையும் அதன் உடம்பையும் தனித்தனியே பார்க்கக் கூடாது. இந்தப் பாடம்தான் ஜோனின் அடுத்த வேலைக்கு அடித்தளமாக இருந்தது.

தீனி இருந்தும் செரிக்காது!

1923-ல் லண்டன் உயிரியல் பூங்காவின் ஊர்வன காப்பாளராக ஜோன் பொறுப்பேற்றார். இங்கே ஒரு நிமிடம் நிற்போம். குளிர் நாட்டில் ஒரு மலைப்பாம்பை வளர்ப்பதில் உள்ள கஷ்டம் என்ன என்று தெரிந்தால்தான், ஜோன் செய்த வேலையின் அருமை புரியும்.

நம் உடம்பு எப்போதும் சுமார் 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. மார்கழிப் பனியானாலும் சித்திரை வெயிலானாலும் அதில் பெரிய மாற்றம் இல்லை. நாம் உண்ணும் உணவில் பெரும் பங்கு இந்தச் சூட்டைக் காப்பாற்றவே செலவாகிறது. ஊர்வனவோ சூட்டை வெளியிலிருந்து பெறுகின்றன. காலையில் வேலி மேல் ஓணான் வெயில் காய்வதைப் பார்த்திருப்பீர்களே! அது சோம்பேறித்தனம் அல்ல; அதுதான் அதன் முதல் வேலை.

இதனால் ஒரு லாபம் உண்டு. அதே எடையுள்ள ஒரு பாலூட்டிக்குத் தேவைப்படும் உணவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஊர்வனவற்றுக்குப் போதும். மலைப்பாம்பு ஒரு வேளை உண்டுவிட்டுப் பல வாரங்கள் பட்டினி கிடக்கும்.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. வயிற்றில் உணவைக் கரைக்கும் நொதிகள் வேலை செய்ய இளஞ்சூடு வேண்டும். பாம்பு ஒரு முயலை முழுதாக விழுங்கிவிட்டது. பிறகு குளிர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செரிமானம் நின்றுபோகும். வயிற்றுக்குள்ளேயே இரை அழுக ஆரம்பிக்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். முடியாவிட்டால் செத்தும் போகலாம். எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் இடம் சரியில்லாவிட்டால் பயனில்லை!

செரிமானமும் மூச்சும் கைகோத்து நடப்பவை. மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியதும், அதுவரை சுருங்கிக் கிடந்த அதன் குடல் பருத்து, எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பர்மிய மலைப்பாம்பின் இதயமே இரண்டு நாளில் 40 சதவீதம் பெரிதாகிறது என்று 2005-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். சும்மா கிடக்கும்போது தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு பிராணவாயு அப்போது தேவை. இரை செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். விருந்தாளி வந்தால் பெரிய அடுப்பை மூட்டி, போனதும் அணைத்துவிடுகிறோமே, அதுபோல!

ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சு

நாம் மூச்சு விட உதவுவது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஊர்வனவற்றுக்கு அப்படிப்பட்ட உதரவிதானம் கிடையாது. பிறகு எப்படி மூச்சு விடுகின்றன? ஒவ்வொன்றும் தன் வாழ்க்கைக்கு ஏற்ப ஒரு வழி வைத்திருக்கிறது.

பாம்பின் உடல் நீண்டு ஒடுங்கியது. இரண்டு நுரையீரலுக்கு அதில் இடம் ஏது? பெரும்பாலான பாம்புகளில் இடது நுரையீரல் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை. வலது நுரையீரல் நீளமாக இருக்கிறது. விலா எலும்புகளை அசைத்து மூச்சு விடுகிறது. வாய் நிறைய இரை இருக்கும்போது மூச்சு முட்டாதா? முட்டாது. மூச்சுக் குழலின் வாயை வெளியே நீட்டிக்கொள்ளும்! இரையை உடம்பால் சுற்றி நெரிக்கும்போது முன்பக்க விலா எலும்புகள் அசைய முடியாது. அப்போது போவா பாம்பு பின்பக்க விலா எலும்புகளை அசைத்து மூச்சு விடுகிறது. 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் இதை நிரூபித்தார்கள்.

ஆமைக்கு விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டியிருக்கின்றன, அசையவே அசையாது. ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தசைகளைச் சுருக்கி விரித்து மூச்சு விடுகிறது.

முதலைக்கு ஒரு தசை கல்லீரலைப் பின்னால் இழுக்கிறது. சைக்கிள் பம்ப்பின் கைப்பிடியை இழுத்தால் காற்று உள்ளே வருகிறதே, அதுபோல நுரையீரலுக்குள் காற்று நுழைகிறது.

முதலை வளர வளர அதன் உணவும் மாறுகிறது. குஞ்சாக இருக்கும்போது பூச்சிகள் போன்ற சிற்றுயிர்கள்; பிறகு மீன்கள்; பெரிதானதும் பறவைகளும் விலங்குகளும். எல்லா வயதுக்கும் ஒரே தீனி என்றால் அதற்கு ஒத்துவராது.

இப்போது சொல்லுங்கள், இத்தனை வகை உயிர்களை ஒரே மாதிரி கூண்டில், ஒரே மாதிரி சூட்டில் வைக்கலாமா?

ஜோன் கட்டிய வீடு

உலகிலேயே முதன்முதலாக ஊர்வனவற்றுக்கு என்று தனி வீடு திறக்கப்பட்டது லண்டன் உயிரியல் பூங்காவில்தான், ஆண்டு 1849. ஆனால் ஊர்வனவற்றைக் குளிர் நாட்டில் நெடுங்காலம் உயிரோடு வைத்திருப்பது கடினமாகவே இருந்து வந்தது.

ஜோன் புதிய வீடு ஒன்றைத் திட்டமிட்டார். எட்வர்ட் கை டாபர் என்ற கட்டடக் கலைஞர் அவருக்குத் துணை நின்றார். 1927-ல் அந்த வீடு திறக்கப்பட்டது.

என்ன சிறப்பு தெரியுமா? ஒரே அளவுச் சூட்டை எல்லோருக்கும் கொடுக்காமல், தேவைக்கு ஏற்ப வேறு வேறு அளவில் சூடு தர மின்சார ஏற்பாடு செய்தார். பாலைவனப் பல்லிக்கு வேண்டிய சூடு வேறு, சதுப்பு நிலத்து முதலைக்கு வேண்டிய சூடு வேறு அல்லவா?

அடுத்தது வெளிச்சம். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் நன்றாக உறிஞ்சும். எலும்பும் ஓடும் உறுதியாக வளரும். சாதாரண ஜன்னல் கண்ணாடியோ இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் கதிரை உள்ளே விடும் புதுவகைக் கண்ணாடியை ஜோன் பொருத்தச் செய்தார்.

பார்வையாளர் நிற்கும் இடம் சற்று இருட்டாகவும், பிராணிகள் இருக்கும் இடம் வெளிச்சமாகவும் இருந்தன. மீன் காட்சியகத்தில் பார்ப்பது போலத் தெளிவாகத் தெரியும். உள்ளே பாறையும் செடியும் அமைத்து, அந்தந்தப் பிராணியின் ஊர் போலவே ஆக்கினார். நோய் கண்ட பிராணிகளுக்குத் தாமே மருத்துவமும் பார்த்தார். முதலை, மலைப்பாம்பு என்று எதற்கும் அவர் அஞ்சியதில்லை.

ராட்சத உடும்பு வந்தது!

அதே 1927-ல் இந்தோனேசியாவின் கொமோடோ உடும்புகள் இரண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தன. உலகின் மிகப் பெரிய பல்லி இனம் இதுதான். மூன்று மீட்டர் வரை வளரக்கூடியது. 1912-ல்தான் இதைப் பற்றி விஞ்ஞானிகளுக்கே முறையாகத் தெரிய வந்தது. மனிதனையே கிழித்துத் தின்னும் அரக்கன் என்று மக்கள் நடுங்கினார்கள்.

இதன் உடம்பும் ஓர் அதிசயம்தான். ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்னும். பிறகு வெயிலில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன்? இப்போது உங்களுக்கே தெரியும். வயிற்றில் இருப்பது அழுகும் முன் செரிக்க வேண்டுமே! செரிக்காத முடி, கொம்பு, பல் ஆகியவற்றை உருண்டையாகக் கக்கிவிடும்.

இதன் குஞ்சுகள் மரத்தின் மேல் வாழ்கின்றன. பூச்சிகளையும் சிறு பல்லிகளையும் தின்கின்றன. கீழே வந்தால் பெரிய உடும்புகளே அவற்றைத் தின்றுவிடும்! வளர்ந்து கனத்ததும்தான் தரைக்கு வந்து பெரிய விலங்குகளை வேட்டையாடுகின்றன.

பல்லி இனங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. உடம்பை இருபுறமும் வளைத்து ஓடும்போது மூச்சு விடுவது கடினம். உடும்பு இனம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. தொண்டையை உப்ப வைத்துச் சுருக்கி, நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே நடக்கும்.

இரண்டு உடும்புகளில் ஒன்றின் பெயர் சும்பாவா. ஜோன் பொறுமையாகப் பழகினார். 1928 அக்டோபரில் விலங்கியல் சங்கத்தின் கூட்டத்துக்கு அதை அழைத்து வந்தார். அறிஞர்கள் கூடியிருந்த சபையில், சும்பாவா ஜோனின் கையிலிருந்தே கோழியையும் புறாவையும் முட்டைகளையும் வாங்கித் தின்றது! அவர் தட்டிக் கொடுத்ததையும் அமைதியாக ஏற்றுக்கொண்டது. அரக்கன் என்று பேர் வாங்கிய பிராணி, சரியான இடமும் சூடும் உணவும் கிடைத்ததும் சாதுவாக நடந்துகொண்டதை எல்லோரும் வியந்து பார்த்தார்கள்.

அதற்காகக் கொமோடோ உடும்பு ஆபத்தில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் கடி உயிரையே பறிக்கும். பல ஆண்டுப் பயிற்சியும் கவனமும் இருந்ததால்தான் ஜோனால் அப்படிப் பழக முடிந்தது.

உடல் தளர்ந்தது, உள்ளம் தளரவில்லை

இத்தனைக்கும் நடுவே ஜோனின் நோய் அவரை விடவே இல்லை. நாளுக்கு நாள் உடல் மெலிந்தது. நடக்க முடியாமல் போன காலத்தில், மோட்டார் பொருத்திய சக்கர வண்டியில் பூங்காவைச் சுற்றி வந்தார். பாம்புகளின் பசியைக் கவனித்தவருக்குத் தன் உணவு செரிக்கவில்லை. மற்ற உயிர்களுக்குச் சரியான சூடு வேண்டும் என்று பாடுபட்டவர் தம் வலியைப் பற்றி முறையிட்டுக்கொண்டு வேலையை நிறுத்தவில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாமல் போனவர் அல்லவா? 1931-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி ஜோன் காலமானார். வயது 34.

அவர் கட்டிய வீடு நிலைத்து நின்றது. 2024-ல் ஊர்வனவற்றுக்குப் புதிய இல்லம் திறக்கப்படும் காலம் வரை, 90 ஆண்டுகளுக்கு மேலாக அங்கேதான் பாம்புகளும் பல்லிகளும் வாழ்ந்தன. சூடும் குளிரும், வெயிலும் நிழலும், வயதுக்கு ஏற்ற உணவும் தர வேண்டும் என்பதை இன்று உலகின் நல்ல உயிரியல் பூங்காக்கள் எல்லாம் பின்பற்றுகின்றன.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி எந்த நேரத்தில் வெளியே வருகிறது, எங்கே காத்திருக்கிறது, மழை நாளில் என்ன செய்கிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். வேலி ஓணான் எத்தனை மணிக்கு வெயிலுக்கு வருகிறது, எப்போது நிழலுக்குப் போகிறது என்றும் குறித்து வையுங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் போதும். கல்லால் அடிக்காதீர்கள். பாம்பைக் கண்டால் அருகே போகாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

குழந்தைகளே! ஒரு பிராணி சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், அதைக் குறை சொல்லும் முன் அது இருக்கும் இடத்தைப் பார்த்தார் ஜோன். உங்கள் வகுப்பிலும் சுருண்டு உட்கார்ந்திருக்கும் தோழனோ தோழியோ இருக்கலாம். நோயால் அடிக்கடி பள்ளிக்கு வர முடியாதவர்களும் இருக்கலாம். அவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் போய், என்ன வேண்டும் என்று கேளுங்கள். விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். நாளைய ஜோன் பிராக்டர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம் அல்லவா?